பேரனுக்கு வாங்கின ஜூஸ்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். நாளை முதல் உங்கள் எதிரில் உட்காருகிற ஒவ்வொருவரிடமும் நீங்கள் கேட்கப்போகிற முதல் கேள்வி, "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்பதுதான். பதிலை நான் இப்போதே சொல்லிவிடுகிறேன். "ரெண்டு இட்லிதாங்க மேடம்." விழுப்புரத்தில் கேட்டாலும் அதுதான், திண்டிவனத்தில் கேட்டாலும் அதுதான். கல்யாணப் பந்தியிலிருந்து கைகூடக் காயாமல் நேராக வந்தவரும் ரெண்டு இட்லிதான் சாப்பிட்டிருப்பார். இந்த மாவட்டத்தில் யாரும் மூன்றாவது இட்லியைத் தொட்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

சிரிப்பு வருகிறதல்லவா? பணியில் இருந்த காலத்தில் பெரும்பாலும் எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்த வெட்கம் எப்படி வந்தது என்பதை உங்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கலோரிக் கணக்கையும் புரதக் கணக்கையும் உங்களுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இதைச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருந்தேன். எங்கள் மருத்துவமனை மாதம் ஒருமுறை கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்து ஊரில், மாதா கோயிலை ஒட்டிய மண்டபத்தில் சர்க்கரை நோய் முகாம் நடத்தும். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஜனங்கள் வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வருவார்கள். லேப் டெக்னீஷியன் விரலில் குத்தி ரத்தம் எடுப்பார். நான் சாப்பாடு பற்றிப் பேசுவேன். டாக்டர் திண்டிவனத்திலிருந்து கொஞ்சம் தாமதமாக வந்து மாத்திரை எழுதுவார்.

முகாமில் நான் கொண்டுவந்த பழக்கம் ஒன்று இருந்தது. யாருக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறதோ அவர்களை மின்விசிறிக்கு அடியில் முன்வரிசை நாற்காலியில் உட்காரவைப்பேன். பெயர் சொல்லி எழுப்பி நிறுத்தி, மண்டபத்தையே கைதட்டச் சொல்வேன். ஏறியவர்களுக்குப் பின்பக்க பெஞ்சு. அவர்களையும் பெயர் சொல்லித்தான் எழுப்புவேன், ஆனால் கைதட்டலுக்கு அல்ல. என் வாய் சும்மா இருக்காது. "ரெண்டு இட்லியா? உங்க வூட்டு இட்லி எவ்ளோ பெருசுங்க, வண்டிச் சக்கரம் சைஸ் இருக்குமா?" என்பேன். மண்டபம் குலுங்கிச் சிரிக்கும். ஒருமுறை ஒரு அம்மாவின் பைக்குள் எட்டிப்பார்த்த பிஸ்கெட் பாக்கெட்டை நானே எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டியிருக்கிறேன். வாசலில் இருந்த டீக்கடைக்காரரிடம், முகாம் நாளில் சர்க்கரை போட்டு டீ தரவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தேன். அவரும் பயந்துபோய் அன்றைக்கு மிட்டாய் பாட்டிலைக்கூட உள்ளே தள்ளிவிடுவார். "மேடம் முகாம்னா முகாம்தான்" என்று மருத்துவமனையில் எனக்கு நல்ல பெயர். ஜனங்கள் சிரிக்கிறார்கள், அதனால் மனதில் பதிகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆரோக்கியமேரி அந்த முகாமுக்கு வந்தவர்களில் ஒருவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். சொந்தமாகக் கொஞ்சம் நிலம் இருந்தது. அடுத்தவர் கொல்லையில் வேலை இருந்தால் அதற்கும் போவார். முதல் முறை வந்தபோது அவருக்குச் சர்க்கரை நிறையவே ஏறியிருந்தது. வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"காலையில ரெண்டு இட்லிங்க மேடம்" என்று ஆரம்பித்தார். அதோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பார். பாவம், உண்மையைச் சொல்லத் தொடங்கினார். "அப்புறம் கொல்லையில மல்லாட்டை பறிச்சிகினு இருந்தோம். பறிச்சிகினே கொஞ்சம் வாயில போட்டுக்கினேன்."

மல்லாட்டை என்றால் எங்கள் பக்கம் நிலக்கடலை. விட்டேனா? "மல்லாட்டை மூட்டை களத்துக்கு வந்துச்சாம்மா, இல்ல மொத்தமும் உங்க வயித்துக்குள்ளயே போயிடுச்சா?" என்றேன்.

அன்றைக்கு வந்த சிரிப்புபோல அந்த மண்டபத்தில் நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஆரோக்கியமேரியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பின்பெஞ்சில் போய் உட்கார்ந்தார். டாக்டர் வந்து எண்ணைப் பார்த்து மாத்திரையைக் கூட்டி எழுதினார்.

இதில் என்னை இன்றைக்கும் கூசவைப்பது எது தெரியுமா? மல்லாட்டை அவருக்குச் சர்க்கரையை ஏற்றவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். நிலக்கடலையில் புரதமும் கொழுப்பும்தான் அதிகம். ஒரு கைப்பிடி தின்றால் பசி தாங்கும், சர்க்கரை சட்டென்று ஏறாது. அவர் சாப்பாட்டிலேயே உருப்படியான பொருள் அதுதான். உண்மையில் ஏற்றியது வேறு என்று பிறகுதான் தெரிந்தது. மாலையில் வேலை முடிந்து வந்து, எல்லாரும் சாப்பிட்டு மிஞ்சிய சோற்றைக் குவியலாகப் போட்டு, காய் இல்லாத தண்ணிக் குழம்பை ஊற்றிச் சாப்பிடுவார். நடுநடுவே சர்க்கரை அள்ளிப்போட்ட டீ. அதை நான் கேட்கவே இல்லை. சிரிக்கவைக்க மல்லாட்டை கையில் கிடைத்தது, எடுத்து வீசிவிட்டேன்.

அடுத்த மாதமே ஆரோக்கியமேரிக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. அதற்கடுத்த மாதமும் அப்படியே. முன்வரிசையில் உட்காரவைத்துக் கைதட்ட வைத்தேன். "பாத்துக்குங்க, ஒரு வார்த்தை சொன்னேன், எப்படித் திருந்திட்டாங்க!" என்று பின்பெஞ்சைப் பார்த்துச் சொன்னேன். மருத்துவமனையில் ஒரு கூட்டத்தில்கூட அவரை உதாரணமாகச் சொன்னேன். எப்படி இறங்கியது என்று மட்டும் யாரும் அவரைக் கேட்கவில்லை. நான் கேட்டிருக்க வேண்டும். எண் நன்றாக இருந்தால் கேள்வி கேட்கத் தோன்றாது. ஏறிய எண்ணைச் சந்தேகப்படுவதுபோல இறங்கிய எண்ணையும் நீங்கள் சந்தேகப்பட வேண்டும்.

பிறகு ஒரு முகாம். டாக்டர் இன்னும் வந்துசேரவில்லை. அவசர மருந்துப் பெட்டி அவருடைய காரில்தான் வரும். அந்த ஏற்பாடே தப்பு. யாரும் அதை யோசிக்கவில்லை, நானும்தான். இன்னும் ரத்தம் எடுக்கவில்லை, ஆரோக்கியமேரி போன மாதத்து இடத்திலேயே, மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். ரவிக்கை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"என்னம்மா, இந்த மாசமும் கைதட்டு வாங்கப்போறீங்களா?" என்று கேட்டேன்.

என்னையே பார்த்தார். "பஸ்ஸு வந்துட்ச்சா?" என்றார்.

நழுவப் பார்க்கிறார் என்று நினைத்தேன். தின்னக் கூடாததைத் தின்றுவிட்டுப் பேச்சை மாற்றுகிறார் என்று. "பஸ்ஸு இருக்கட்டும்மா, மொதல்ல சுகர் எங்க வந்து நிக்குதுன்னு பாப்போம்" என்றேன். மண்டபம் சிரித்தது. அவர் மறுபடியும் பஸ்ஸைப் பற்றியே ஏதோ முணுமுணுத்தார். நாக்குக் குழறியது. விரல்கள் நடுங்கின. மின்விசிறிக்கடியில் வியர்வை, நடுக்கம், குழறல், சம்பந்தமில்லாத பேச்சு. முதலாம் ஆண்டு மாணவிகூடக் கண்டுபிடித்துவிடுவாள். நான் அதையெல்லாம் நடிப்பு என்று நினைத்துக்கொண்டு, சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றிருந்தேன்.

அவர் நாற்காலியிலிருந்து பக்கவாட்டில் சரிந்தார்.

டெக்னீஷியன் ஓடிவந்து விரலில் குத்தினார். மீட்டரைப் பார்த்தார். எண்ணை வாய்விட்டுச் சொல்லவில்லை, மீட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அவ்வளவு கீழே இறங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் நினைவு தப்பிவிடும், அப்புறம் வாய்வழியாக எதுவும் கொடுக்க முடியாது, ஊசி போட டாக்டரும் இல்லை, மருந்தும் இல்லை.

"டீக்கடைக்கு ஓடுங்க, சக்கரை வாங்கினு வாங்க, ஜல்தி!" என்று டெக்னீஷியனை விரட்டினேன். அவர் அந்த மாதம்தான் எங்களிடம் சேர்ந்தவர். கடைக்காரருக்கு அவரைத் தெரியாது. "இன்னிக்கு முகாமுப்பா, சக்கர குடுத்தா அந்த மேடம் என்னத் தொலைச்சிடுவாங்க" என்று சொல்லியிருக்கிறார். டெக்னீஷியன் அவரிடம் மன்றாடிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் நான் ஆரோக்கியமேரியை மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, மண்டபத்தைப் பார்த்துக் கத்தினேன். "யாருகிட்டயாச்சும் இனிப்பு இருக்கா? எதுவா இருந்தாலும் பரவால்ல, குடுங்க!"

ஒருவரும் அசையவில்லை.

இல்லை, அசைந்தார்கள். அதுதான் என்னை விடமாட்டேன் என்கிறது. எத்தனையோ கைகள் மடியில் இருந்த பைகளின் மேல் போயின. போய், அங்கேயே நின்றுவிட்டன. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கண் எதிரே ஒரு பொம்பளை உயிருக்குத் தத்தளிக்கிறாள், பைக்குள் அவளைக் காப்பாற்றும் பொருள் இருக்கிறது, அதை வெளியே எடுக்க என்னை நினைத்துப் பயப்படுகிறார்கள்.

பின்பெஞ்சிலிருந்து கோவிந்தசாமி எழுந்தார். மயிலம் பக்கத்தில் கரும்பு போடுகிற விவசாயி, மாதாமாதம் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்பவர். மஞ்சள் பையிலிருந்து ஒரு மாம்பழ ஜூஸ் பாட்டிலை எடுத்துக்கொண்டு, நாற்காலிகளுக்கு நடுவே வந்து என்னிடம் நீட்டினார். நீட்டும்போது சொன்னார், "பேரனுக்கு வாங்கினதுங்க மேடம். எனக்கு இல்லிங்க."

பாட்டிலைப் பிடுங்காத குறையாக வாங்கி, ஆரோக்கியமேரியின் தலையைத் தூக்கிப் பிடித்து, உதட்டில் வைத்தேன். முதல் வாய் வழிந்துவிட்டது. இரண்டாவது வாய் தொண்டையில் இறங்குவது தெரிந்தது. அதற்குள் மற்ற பைகளும் திறந்துகொண்டன. பிளாஸ்க்கில் சர்க்கரை டீ, பிஸ்கெட், கடலை மிட்டாய், பேப்பரில் மடித்த வெல்லம். "எம் பொண்ணுக்கு வாங்கினது மேடம்." "பக்கத்து வூட்டுக்காரங்க கேட்டாங்க மேடம்." என் முன்னால் ஒரு பலகாரக்கடையே குவிந்தது, அதில் ஒன்றுகூட அதைக் கொண்டுவந்தவருடையது இல்லை.

கொஞ்ச நேரத்தில் ஆரோக்கியமேரியின் கண்ணில் ஆள் தெரிந்தது. தான் எங்கே கிடக்கிறோம் என்று பார்த்தார். என் கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தார். அழ ஆரம்பித்தார்.

"ஐயோ, ஜூஸு குடுத்துட்டீங்களா மேடம்? இன்னிக்கு சுகரு ஏறிடுமே. இதக் கணக்குல சேக்காதீங்க மேடம். நான் ஒண்ணும் துண்ணல. மாதா மேல சத்தியமா ஒண்ணும் துண்ணல."

அவர் வாயைத் துடைத்துவிட்டு, பாட்டிலில் மிச்சமிருந்ததையும் குடிக்கவைத்தேன்.

டாக்டர் வந்ததும் அவரைக் காரில் ஏற்றி விழுப்புரம் கொண்டுபோனோம். மாத்திரையின் வேகம் அடங்கும்வரை சர்க்கரை மறுபடி மறுபடி இறங்கும், கண்காணிப்பில் வைக்க வேண்டும். டாக்டரின் முகமும் சரியாக இல்லை. "எண்ணப் பாத்துத்தான நானும் மாத்திரைய ஏத்தினேன்" என்று மட்டும் வழியில் சொன்னார்.

மாலையில் மருமகள் ஸ்டெல்லா வந்தாள். திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற பெண். வந்தவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "மேடம், தவக்காலம் முடிஞ்சும் எங்க அத்தை மாசாமாசம் ஒருசந்தி இருக்காங்களே, சுகரு இருக்கவங்க அப்படி இருக்கலாமா?"

ஒருசந்தி என்பது கிறிஸ்தவர்கள் தவக்காலத்தில் இருக்கும் விரதம். எப்போது இருப்பார் என்று கேட்டேன்.

"நீங்க வர்றதுக்கு முன்னாடிதாங்க. முகாமுக்கு ரெண்டு மூணு நாளைக்கு முன்னாடி ஆரம்பிச்சிடுவாங்க. மாதாவுக்கு நேர்ந்துகினேன்னு சொல்லுவாங்க. சாமி விஷயம், நாங்க எப்படி மேடம் சாப்டுன்னு சொல்றது? வெறும் தண்ணி, மோரு, அவ்ளோதான். ஆனா மாத்திரைய மட்டும் கரெக்டா போட்டுக்குவாங்க. டாக்டரு சொன்னத மீறக்கூடாதுன்னு."

சோறு கிடையாது, ஏற்றி எழுதிய மாத்திரை மட்டும் வேளை தவறாமல் உள்ளே போயிருக்கிறது. முகாம் முடிந்து வீட்டுக்குப் போனதும் பசி தாங்காமல் அள்ளிச் சாப்பிடுவாராம். மருத்துவமனையில் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைப் பார்த்தபோது, அது ஆரம்பத்தில் இருந்த இடத்திலேயே இருந்தது. நான் கைதட்டவைத்ததெல்லாம் அவர் பட்டினி கிடந்த நாட்களுக்கு.

ஆரோக்கியமேரி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "உங்க பேரக் கெடுத்துட்டேன் மேடம். எல்லார்கிட்டயும் என்னப் பத்தி நல்லா சொல்லிகினு இருந்தீங்க."

"ஏம்மா இப்படிப் பண்ணீங்க?"

போர்வையை நீவிக்கொண்டே சொன்னார். "அன்னிக்கு மல்லாட்டைக்கு எல்லாம் சிரிச்சாங்களே மேடம். எங்க ஊருல பாதிப்பேரு அங்கதான் இருந்தாங்க. அப்புறம் நான் கொல்லைக்குப் போனாலே, மூட்டைய எண்ணி வையுங்கடின்னு கேலி பண்ணுவாங்க. மறுபடியும் அப்படி ஆவக்கூடாதுன்னுதான்."

நான் சொன்ன நகைச்சுவை என் வாயோடு முடிந்துபோனது என்று நினைத்திருந்தேன். அது பஸ் ஏறி அவருடைய ஊருக்குப் போய், கொல்லைக்குப் போய், தினமும் அவரோடு வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது.

"மல்லாட்டை சாப்பிடுங்கம்மா. வேகவெச்சி ஒரு கைப்பிடி. அது உங்களுக்கு நல்லதுதான்" என்றேன்.

நம்பாமல் பார்த்தார். "நெசமாவா? நீங்கதான மேடம்..." என்று ஆரம்பித்து, மரியாதைக்காக நிறுத்திக்கொண்டார்.

அன்றுதான் அவருடைய அடுப்படியைப் பற்றிக் கேட்டேன். ரேஷன் அரிசி, வேலியில் சும்மா நிற்கிற முருங்கை, வாரத்தில் ஒருநாள் மீன். எங்கள் அச்சடித்த தாளில் ஓட்ஸும் ஆப்பிளும் போட்டிருக்கும், அந்த வீட்டில் இரண்டும் நுழைந்ததே இல்லை. சோற்றைப் பாதியாகக் குறைத்து, அந்தப் பாதியில் முருங்கைக்கீரையோ காயோ வைக்கச் சொன்னேன். கேப்பைக்கூழ் என்பதால் எவ்வளவு குடித்தாலும் ஒன்றும் ஆகாது என்று அவர் நினைத்திருந்தார், அதற்கும் அளவு உண்டு என்றேன். கடைசி ஆளாக மிஞ்சியதைச் சாப்பிடாமல், மற்றவர்களோடு நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னேன். சாப்பிடாமல் மாத்திரை போடவே கூடாது என்பதை ஸ்டெல்லாவையும் பக்கத்தில் நிற்கவைத்துச் சொன்னேன். எல்லாம் ஒரு டீ குடிக்கிற நேரத்துப் பேச்சு. அதை முதல் நாளே செய்திருக்கலாம்.

அடுத்த முகாமில் முன்வரிசை, பின்வரிசை இல்லை. கைதட்டலும் இல்லை. ஒரு மறைப்புக் கட்டி, ஒவ்வொருவராகத் தனியாகப் பேசினேன். என் மேசைமேல் ஒரு ஜூஸ் பாட்டிலையும் குளுக்கோஸ் டப்பாவையும் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தேன். நடந்ததற்கு எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். ஜனங்கள் தர்மசங்கடமாக நெளிந்தார்கள். நான் திருந்திவிட்டேன், இனி எல்லாரும் உண்மையைச் சொல்லிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்றேன். "ரெண்டு இட்லிதாங்க மேடம்" என்றார்கள். மாதக்கணக்கில் அதே ரெண்டு இட்லிதான். ஆரோக்கியமேரி தேறிவந்து, தான் சாப்பிட்டதைச் சோற்றின் அளவு உட்பட என்னிடம் சொல்லத் தொடங்கிய பிறகும், மற்றவர்கள் அசையவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் ஏது?

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன் ஒரு முகாம். மறைப்புக்கு உள்ளே கோவிந்தசாமி வந்து உட்கார்ந்தார். மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு, மேசைமேல் இருந்த ஜூஸ் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், ஒண்ணு சொல்லுவேன். திட்டக்கூடாது."

"சொல்லுங்கண்ணா."

"அன்னிக்கு ஒரு ஜூஸு குடுத்தேனே. அது பேரனுக்கு வாங்கினது இல்லிங்க."

"பரவால்லண்ணா."

"பரவால்லன்னு இல்லிங்க மேடம்." குரலைத் தாழ்த்தினார். "எனக்குப் பேரனே கிடையாது. பையனுக்கு இன்னும் பொண்ணே அமையல."

சிரிப்பு தொண்டைவரை வந்தது. பழைய நானாக இருந்தால் அந்த ஒரு வரியை வைத்து மண்டபத்தை ஒரு மணி நேரம் ஆட்டிவைத்திருப்பேன். என் முகத்தில் எங்கேயாவது சிரிப்பு தெரிகிறதா என்று அவர் கண் தேடிக்கொண்டிருந்தது. பயத்தோடு தேடியது. இத்தனை வருஷம் நான் சம்பாதித்து வைத்திருந்தது அந்தப் பயத்தைத்தான்.

நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டேன். "தெனமும் எத்தினி மணிக்குண்ணா குடிப்பீங்க?" என்று கேட்டேன்.

"கரும்பு வெட்டுல நிக்கும்போது பதினோரு மணிக்கு ஒருமாதிரி தலை சுத்தும் மேடம். காலையில ஒண்ணும் சாப்டாம போயிடுவேன், அதான்..." என்று ஆரம்பித்தார். அவர் சொல்லி முடிக்கும்வரை நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அன்றைக்கு அவர் வாயில் இட்லி என்ற சொல்லே வரவில்லை.